ராஜ் சந்திர போஸ்

ராஜ் சந்திர போஸ் (ஜூன் 19, 1901 – அக்டோபர் 31, 1987) இந்தியாவில் பிறந்து பின்னர் அமெரிக்காவில் பணியாற்றிய கணிதவியலரும் புள்ளியியலரும் ஆவார். பி.சி.எச். குறிகள் எனப்படும் பிழைதிருத்தும் குறிகளின் பெயரில் முதலெழுத்து இவருடையது. இயற்பியலர் சத்தியேந்திர நாத் போசும் இவரும் வெவ்வேறு நபர்கள்.

இளமை

ஹோஷங்காபாத்தில் (இன்றைய நர்மதாபுரம், மத்தியப் பிரதேசம்) பிறந்து ரோத்தக்கில் வளர்ந்தார். தந்தை மருத்துவர். 1918-இல் பரவிய நச்சுக்காய்ச்சலில் தாயும், அடுத்த ஆண்டில் பக்கவாதத்தால் தந்தையும் இறந்தனர். உடன்பிறந்தோருள் மூத்தவரான போஸ், உதவித்தொகையையும் பிறருக்குப் பாடம் சொல்லி ஈட்டிய பணத்தையும் கொண்டு தில்லியில் படித்து 1924-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்பு கல்கத்தா சென்று, வடிவியல் அறிஞர் சியாமாதாஸ் முகோபாத்தியாயாவிடம் பயின்று, 1927-இல் தூய கணிதத்திலும் முதுகலைப் பட்டம் பெற்றார்.

புள்ளியியலுக்கு வந்த வடிவியலர்

1932-இன் இறுதியில் மகலனோபிஸ் இவரை இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு அழைத்தார். போசுக்கு அப்போது புள்ளியியல் ஏறக்குறையப் புதிது. ஆயினும் அந்த அழைப்பே இவருடைய வாழ்க்கையின் திருப்புமுனை எனலாம். நாட்சி ஜெர்மனியிலிருந்து வெளியேறிக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு வந்த எஃப். டபிள்யூ. லெவியிடமிருந்து முடிவுறு களங்களைப் பற்றி அறிந்துகொண்டார். எண்ணிக்கை முடிவுள்ள உறுப்புகளுக்குள்ளேயே கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கையும் நிகழ்த்தக்கூடிய அமைப்பே முடிவுறு களம். வேளாண் சோதனைகளில் எந்தப் பயிர் வகையை எந்தப் பாத்தியில் இடுவது என்னும் வினாவுக்கு இதைப் பயன்படுத்தி 1939-இல் இவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

1945 முதல் 1949 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறைத் தலைவராக இருந்தார். இவரிடம் முனைவர் பட்டம் இல்லாததை ஒரு குறையாகச் சுட்டியபோது, தாம் முன்பே வெளியிட்டிருந்த கட்டுரைகளைத் தொகுத்துச் சமர்ப்பித்து 1947-இல் டி.லிட். பட்டம் பெற்றார். 1949-இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

ஆய்லரின் ஊகம்

ஒன்றுக்கொன்று செங்குத்தான இலத்தீன் சதுரங்கள் 6, 10, 14, 18 போன்ற வரிசைகளில் அமையா என்று ஆய்லர் 1782-இல் ஊகித்தார். 6-ஐப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் 1959-இல் போசும் அவருடைய மாணவர் ஸ்ரீகண்டேயும் 22-ஆம் வரிசைச் சதுரங்களைக் கட்டினர்; பார்க்கர் 10-ஆம் வரிசைக்குக் கட்டினார். மூவரும் சேர்ந்து 2, 6 தவிர ஏனைய எல்லா வரிசைகளிலும் ஊகம் பொய் என்று நிறுவினர். கணிதச் செய்திக்கு அரிதாக, நியூயார்க் டைம்ஸ் இதை முதல் பக்கத்தில் வெளியிட்டது.

பி.சி.எச். குறிகள்

1960-இல் போசும் மாணவர் ராய்-சௌதுரியும், எத்தனை பிழைகளைத் திருத்த வேண்டுமோ அத்தனையையும் திருத்தக்கூடிய குறிகளை முடிவுறு களங்களைக் கொண்டு அமைத்தனர். பிரான்சின் ஓக்கெங்கெம் ஓராண்டு முன்னரே, இவர்கள் அறியாமல், இதே முடிவை எட்டியிருந்தார். மூவர் பெயரும் இன்று சேர்த்தே வழங்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, 7 தரவு பிட்டுகளுடன் 8 சரிபார்ப்பு பிட்டுகளைச் சேர்த்து 15 பிட்டுகளாக அனுப்பினால், வழியில் எந்த 2 பிட்டுகள் மாறினாலும் மீட்கலாம். இங்கு 8 பிட்டுகள் தரும் 256 பிழைக்குறிகளையும் அட்டவணையாக நினைவகத்தில் வைத்துவிடலாம். 1023 பிட்டு நீளத்தில் 10 பிழைகளைத் திருத்தும் குறிக்கோ 100 சரிபார்ப்பு பிட்டுகள் வேண்டும். 2-இன் 100-ஆம் அடுக்கு வரிகள் கொண்ட அட்டவணையை எந்த நினைவகமும் தாங்காது. ஆகவே விடையைக் கணக்கிட்டே அறிய வேண்டும். போசின் கட்டுரை திருத்த முடியும் என்று நிறுவியது. திருத்தும் வழியை அதே ஆண்டில் பீட்டர்சன் தந்தார்.

குறிவிலக்கிச் சுற்று மூன்று கட்டங்களில் இயங்கும். முதலில் நகர்வுப் பதிவகங்கள், வந்த பிட்டுகளிலிருந்து பிழைக்குறிகளைக் கணிக்கும். பிழை இல்லையெனில் அவை அனைத்தும் சுழியம். அடுத்து, பிழை இடங்களைத் தன் மூலங்களில் மறைத்து வைத்துள்ள ஒரு பல்லுறுப்புக்கோவை கண்டறியப்படும். கடினமான கட்டம் இதுவே. பீட்டர்சன் முறையில் வேலையளவு பிழை எண்ணிக்கையின் மும்மடியாகப் பெருகும். பெர்லகாம்ப் 1968-இல் அதை இருமடியாகக் குறைத்தார். அது உண்மையில் மிகக் குறுகிய நகர்வுப் பதிவகத்தைத் தேடும் வேலையே என்று மாசி 1969-இல் காட்டியதால், வன்பொருளில் அமைப்பது எளிதாயிற்று. மூன்றாவதாக, 1964-இல் சியென் தந்த தேடல், ஒவ்வோர் இடத்தையும் வரிசையாகச் சோதித்துப் பிழைபட்ட பிட்டைப் புரட்டும். முடிவுறு களத்தில் கூட்டலுக்கு மிகுதி எடுத்துச் செல்லும் வேலை இல்லை. எக்ஸ்-ஆர் வாயில்களே போதும்.

இவ்வகையைச் சேர்ந்ததே ரீட்-சாலமன் குறி. 1977 மார்ச் 10 அன்று யுரேனசு ஒரு விண்மீனை மறைத்தபோது, அதன் வளையங்களைக் கண்டுபிடிக்க உதவிய அவதானிப்புகளுள் ஒன்று தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் பதிவானது. 1986 ஜனவரியில் வாயேஜர் 2 அக்கோளை நெருங்கி அனுப்பிய படங்கள் ரீட்-சாலமன் குறியில் வந்தன. குறியிடும் எளிய வேலை விண்கலத்திலும், குறிவிலக்கும் பெரும் வேலை புவியிலும் நடந்தன. கடைகளில் பணம் செலுத்தப் பயன்படும் க்யூ.ஆர். குறியின் வடிவத் தகவலும் 15 பிட்டு பி.சி.எச். குறியே.

இறுதிக்காலம்

1971-இல் வட கரோலினாவில் ஓய்வு பெற்றபின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1980 வரை கற்பித்தார். 1976-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். ஃபோர்ட் காலின்சு நகரில் தமது 86-ஆம் வயதில் காலமானார்.