நம் ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால் ஓர் அக்காவும் தம்பியும்



இதைப் படிக்கும் முன் ஒரு நிமிடம் உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பால்கனியில் நகர்த்தித் திறக்கும் ஜன்னலின் சட்டம், கொசுவலைச் சட்டம், சமையலறையில் குக்கர், பிள்ளைகளுக்குச் சப்பாத்தி சுற்றிக் கொடுக்கும் ஃபாயில். எல்லாம் அலுமினியம். எடை இல்லை, துருப்பிடிப்பதில்லை, விலையும் கையைக் கடிப்பதில்லை. அதனால்தான் நாம் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சுமார் 140 ஆண்டுகளுக்கு முன் இந்த உலோகத்தின் விலை ஏறக்குறைய வெள்ளியின் விலை. அமெரிக்கத் தலைநகரில் உள்ள வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் 1884ஆம் ஆண்டு ஒரு சிறிய அலுமினியக் கூம்பை வைத்தார்கள். மூன்று கிலோகூட இல்லாத அந்தக் கூம்பை ஊரே கூடி வேடிக்கை பார்த்தது.

அந்த விலையை உடைத்தவர் சார்லஸ் மார்ட்டின் ஹால். உங்கள் வீட்டில் வேதியியல் படிக்கும் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். பாடப் புத்தகத்தில் ஹால்–ஹெரால்ட் முறை என்று வருவது இவர் பெயர்தான். பாடத்தில் பெயர் வராத இன்னொருவர் இவருடைய அக்கா ஜூலியா. இந்த இதழில் இவர்கள் இருவரின் கதையைப் பார்ப்போம்.

மண்ணில் கொட்டிக் கிடந்தும் கைக்கு எட்டாதது

முதலில் ஒரு சின்ன வேதியியல். பயப்படாதீர்கள், தேர்வு கிடையாது.

பூமியின் மேலோட்டில் அதிகம் இருக்கும் உலோகம் அலுமினியம்தான், சுமார் 8 சதவீதம். இரும்பைவிட அதிகம். ஆனாலும் தங்கம், செம்பு, இரும்பு எல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் கைக்கு வந்துவிட்டன. அலுமினியம் வந்தது 19ஆம் நூற்றாண்டில். ஏன்?

காரணம், ஒவ்வொரு உலோகமும் ஆக்சிஜனை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான். இதைத்தான் பாடத்தில் வினைதிறன் வரிசை என்கிறார்கள். தங்கம் யாரோடும் ஒட்டாது. தனியாகவே கிடைக்கும், அரித்து எடுத்தால் போதும். செம்பும் இரும்பும் ஆக்சிஜனைப் பிடித்திருக்கும். ஆனால் கரியோடு சேர்த்து உலையில் காய்ச்சினால் அந்தக் கரி ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும், உலோகம் தனியே நிற்கும். நம் கொடுமணலில் பழங்காலத்து இரும்பு உலைகள் கிடைத்திருக்கின்றன அல்லவா, அங்கே நடந்ததும் இதுதான்.

அலுமினியத்தின் பிடி உடும்புப்பிடி. சாதாரண உலையில் எவ்வளவு கரி போட்டாலும் விடாது. அதைவிட வினைதிறன் கூடிய பொட்டாசியம், சோடியம் போன்றவற்றை ஏவிவிட்டுத்தான் பிரிக்க முடிந்தது. டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் 1825இலும், ஜெர்மனியின் வோலர் 1827இலும் பொட்டாசியத்தை வைத்துச் சிறிதளவு எடுத்தார்கள். பிரான்சின் டெவில் 1854இல் சோடியத்துக்கு மாறினார். ஆனால் சோடியமே விலை உயர்ந்த சரக்கு. அதைச் செலவழித்து எடுக்கும் அலுமினியம் எப்படி மலிவாகும்?

பாதிரியார் வீட்டுப் பையன்

சார்லஸ் 1863 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தார். அப்பா பாதிரியார். பிள்ளைகளின் படிப்புக்கு வசதியாகக் குடும்பம் ஓபர்லின் என்ற கல்லூரி ஊருக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவிடம் இருந்த பழைய வேதியியல் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் புரட்டியே பையனுக்கு அந்தப் பாடத்தில் பித்துப் பிடித்துவிட்டது.

ஓபர்லின் கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஃபிராங்க் ஜூவெட். ஜெர்மனியில் படித்தவர். மலிவாக அலுமினியம் எடுக்க வழி கண்டுபிடிப்பவர் பெரும் பணக்காரர் ஆவார் என்று அவர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். மற்ற மாணவர்கள் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். சார்லஸ் அதைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா ஜூலியாவும் அதே கல்லூரியில் வேதியியல் படித்துத் தேறியவர். ஆனால் அம்மாவின் உடல்நிலை மோசமாகி 1885இல் அவர் இறந்துவிட, வீட்டுப் பொறுப்பு முழுவதும் ஜூலியாவின் தலையில் விழுந்தது. அதே ஆண்டு சார்லஸ் பட்டம் பெற்றார். வீட்டை ஒட்டிய விறகுக் கொட்டகைதான் அவருடைய ஆய்வுக்கூடம். வேலைகளுக்கு நடுவே அங்கே போய், தம்பி செய்வதைப் பார்த்து, புரிந்து, கேள்வி கேட்கக்கூடியவர் அந்த வீட்டில் அக்கா ஒருவர்தான்.

1886 பிப்ரவரி 23

கரியால் முடியாததை மின்சாரத்தால் செய்யலாம் என்று சார்லஸுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மின்சாரம் பாய அந்தப் பொருள் திரவமாக இருக்க வேண்டும். தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். அலுமினியத்துக்குப் பதிலாகத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன்தான் வந்தது. பாக்சைட் தாதுவிலிருந்து கிடைக்கும் அலுமினா என்ற வெள்ளைப் பொடியை நேரடியாக உருக்கலாமென்றால் 2000 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். விறகுக் கொட்டகையில் நடக்கிற காரியமா?

வழி கிரையோலைட் என்ற கனிமத்தில் இருந்தது. அது சுமார் 1000 டிகிரியில் உருகும். உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைப் போட்டால், பாலில் சர்க்கரை கரைவதுபோல் கரைந்துவிடும். அதில் மின்சாரம் பாய்ச்சினால் போதும்.

மின்கலங்களையும் அவரே செய்துகொண்டார். முதல் முயற்சி வீண். களிமண் மூசையில் காய்ச்சியதால் களிமண்ணில் இருந்த பொருட்களும் கரைந்து கலந்துவிட்டன. மூசையின் உட்புறத்துக்குக் கரி உறை போட்டு, பிப்ரவரி 23 அன்று மீண்டும் செய்தார். ஆறிய பிறகு உடைத்துப் பார்த்தால், உள்ளே வெள்ளி நிறத்தில் சின்னச் சின்னக் குண்டுமணிகள். அவற்றை எடுத்துக்கொண்டு நேரே ஆசிரியர் ஜூவெட்டிடம் ஓடினார். அப்போது சார்லஸுக்கு வயது 22.

அக்கா எழுதி வைத்த கணக்கு

கதை இங்கே முடிந்திருந்தால் ஜூலியாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இருந்திருக்காது.

ஜூலை மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது, பிரான்சில் பால் ஹெரால்ட் என்ற இளைஞர் அதே முறையைக் கண்டுபிடித்து ஏப்ரலிலேயே தம் நாட்டில் பதிவு செய்துவிட்டார் என்று. இருவரும் சந்தித்ததில்லை, ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியவும் தெரியாது. விண்ணப்பத் தேதியை மட்டும் பார்த்தால் ஹால் பிந்திவிட்டார். ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, அங்கே எந்த நாளில் கண்டுபிடித்தார் என்று நிரூபிக்க முடிந்தால் போதும்.

கொட்டகையில் தனியாகச் செய்ததற்கு யார் சாட்சி? ஆசிரியரும் அக்காவும். எந்தச் சோதனை எப்போது நடந்தது, எது தோற்றது, எது பலித்தது என்பதையெல்லாம் ஜூலியா வரிசையாக எழுதிக் கொடுத்தார். தம்பி அவருக்கு எழுதிய கடிதங்களும் கையில் இருந்தன. பிப்ரவரி 23 என்ற தேதி நிலைத்தது. 1889 ஏப்ரலில் காப்புரிமை ஹாலுக்குக் கிடைத்தது.

ஜூலியாவின் பங்கு சாட்சி சொன்னதோடு நின்றதா, ஆராய்ச்சியிலும் உண்டா என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எப்படி இருந்தாலும், அவர் எழுதி வைக்காமல் போயிருந்தால் ஹாலின் பெயர் நம் பாடப் புத்தகம் வரை வந்திருக்குமா என்பது சந்தேகமே.

விலை விழுந்தது

பிட்ஸ்பர்க் நகரில் ஆல்ஃபிரட் ஹன்ட் என்பவரும் நண்பர்களும் பணம் போட, 1888இல் தொழிற்சாலை தொடங்கியது. அதுதான் பிற்கால ஆல்கோவா நிறுவனம். சில ஆண்டுகளிலேயே அலுமினியத்தின் விலை சரிந்து, ஒரு பவுண்டு ஒரு டாலருக்கும் கீழே வந்தது. மின்சாரம் மலிவாகக் கிடைத்த நயாகரா அருவிப் பக்கம் 1895இல் ஆலை போனது. நம் சேர்வராயன் மலை பாக்சைட்டை வைத்து அலுமினியம் எடுத்த ஆலையும் அணை இருக்கும் மேட்டூரில்தானே அமைந்தது? இந்தத் தொழிலுக்குத் தாதுவைப்போல் மின்சாரமும் மூலப்பொருள்.

ஹால் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1911இல் அவருக்குப் பெர்கின் பதக்கம் கொடுத்தபோது, போட்டியாளராக இருந்த ஹெரால்ட் அந்த விழாவுக்கு வந்திருந்தார். இருவரும் 1863இல் பிறந்தவர்கள். இருவரும் 1914இல், 51 வயதில் மறைந்தார்கள். ஹால் தம் சொத்தில் பெரும்பகுதியைக் கல்விக்கு எழுதி வைத்தார். ஓபர்லின் கல்லூரியில் இன்று அவருக்கு அலுமினியத்தில் ஒரு சிலை உண்டு. ஜூலியாவும் திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து மறைந்தார்.

நமக்கு என்ன?

ஒரு கிலோ அலுமினியத்தை ஆக்சிஜனிடமிருந்து பிரிக்க இன்றும் சுமார் 14 யூனிட் மின்சாரம் தேவை. நம் படுக்கையறை ஏசி பல மணி நேரம் ஓடும் அளவு. ஆனால் ஒருமுறை பிரித்துவிட்டால், மறுபடி உருக்கிப் பயன்படுத்த அதில் சுமார் 5 சதவீதம் போதும். ஹால் உடைத்த அந்த உடும்புப்பிடியை இன்னொரு முறை உடைக்க வேண்டியதில்லை.

அதனால் அடுத்த முறை குளிர்பான டின்னையோ, ஓட்டையான பாத்திரத்தையோ, பழைய ஜன்னல் சட்டத்தையோ குப்பையோடு கலக்காதீர்கள். தனியாக எடுத்துக் காயலான் கடைக்குக் கொடுங்கள். வீட்டில் வேதியியல் படிக்கும் பிள்ளை இருந்தால், ஹால்–ஹெரால்ட் முறையைப் படிக்கும்போது அதன் ஓரத்தில் ஜூலியா என்றும் ஒரு பெயரைப் பென்சிலால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் கூடாது. ஆனால் கணக்கு நேராகும்.