ஓர் ஏழைக் குருவும் உலகம் பாடும் பாலன் பாட்டும்

ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு இரவில், பாலனைக் குடிலில் கிடத்தியபின் ஆலயங்களில் மெல்லிய குரலில் பாடப்படும் பாட்டு ஒன்று உண்டு. 'சைலண்ட் நைட்' என்று ஆங்கிலத்தில் பெயர் பெற்ற அப்பாட்டைத் தமிழிலும் பாடி மகிழ்கிறோம். ஆனால் அதை இயற்றியவர் ஓர் எளிய கத்தோலிக்கக் குரு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? யூபிலி மலரின் இப்பக்கத்தில் அவர் வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

ஜோசப் மோர் 1792 டிசம்பர் 11-ஆம் நாள் இன்றைய ஆஸ்திரிய நாட்டின் சால்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை படையைவிட்டு ஓடிப்போன சிப்பாய். குழந்தையின் முகம் பாராமலே மறைந்தார். தாய் அன்னா, துணி பின்னி வயிறு வளர்த்த ஏழைப் பெண். அக்குழந்தைக்கு ஞானத்தந்தையாக நின்றவர், ஊரார் ஒதுக்கி வைத்திருந்த கொலைத் தண்டனை நிறைவேற்றுபவர்! தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை என்ற பழி அன்று சிறிதல்ல. எனினும் பேராலயப் பாடகர் குழுவைச் சேர்ந்த ஹியர்ன்லே என்ற குருவானவர் சிறுவனின் குரல்வளத்தையும் அறிவையும் கண்டு படிக்க வைத்தார். திருமண உறவுக்கு வெளியே பிறந்தவர் குருவாவதற்கு அன்று திருச்சபையின் தனி அனுமதி தேவைப்பட்டது. அதைப் பெற்று, 1815 ஆகஸ்டு 21-இல் மோர் குருப்பட்டம் பெற்றார்.

1816-இல், மரியாஃபார் என்ற மலையூரில் உதவிக் குருவாயிருந்தபோது, ஆறு பத்திகள் கொண்ட கவிதை ஒன்றை எழுதினார். நெப்போலியனின் போர்கள் ஓய்ந்து, கோடை பொய்த்து, மக்கள் பசியால் வாடிய ஆண்டு அது. பின்னர் ஓபர்ண்டார்ஃப் என்ற ஆற்றங்கரை ஊருக்கு மாற்றப்பட்டார். உப்பு ஏற்றிச் செல்லும் படகோட்டிகளின் ஊர் அது.

1818 டிசம்பர் 24-ஆம் நாள், பக்கத்து ஊர் ஆசிரியரும் கோயில்பிள்ளையுமான பிரான்ஸ் சேவியர் குரூபரிடம் அக்கவிதையைக் கொடுத்து, இரண்டு குரலுக்கும் கித்தாருக்கும் ஏற்ற இசை அமைக்கக் கேட்டார். அன்றைக்கே இசை ஆயத்தமாயிற்று. இரவில் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் இருவரும் சேர்ந்து பாடினர். கித்தார் மீட்டியவர் குருவானவரே. ஆர்கனை எலி கடித்துவிட்டதால்தான் கித்தார் வந்தது என்ற கதையை நாமும் கேட்டிருக்கிறோம். குரூபர் எழுதி வைத்த குறிப்பில் அப்படி ஒன்றும் இல்லை.

ஆர்கன் பழுதுபார்க்க வந்த மவுராஹர் என்பவர் வழியாகப் பாட்டு சில்லர்டால் பள்ளத்தாக்கை அடைந்தது. அங்கிருந்து ஊர் ஊராய்ப் பாடித் திரிந்த குடும்பங்கள் அதைப் பரப்பின. ரைனர் குடும்பத்தார் 1839-இல் நியூயார்க்கில் பாடினர். வாய்க்கு வாய் மாறியதில் மெட்டும் சற்றே மாறியது. நாம் இன்று பாடுவது அந்த மாறிய மெட்டே. இயற்றியவர் பெயரும் மறைந்தது! பெரிய இசைமேதை ஒருவரின் படைப்பு என்றே பலர் நம்பினர். 1854-இல் பெர்லின் அரசவை இசைக் குழுவினர் விசாரித்தபோதுதான் குரூபர் நடந்ததை எழுதிக் கொடுத்தார். அப்போது மோர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மோர் கடைசியாகப் பணியாற்றிய பங்கு வாக்ரைன். அங்கே ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் எழும்பப் பாடுபட்டார். 1848 டிசம்பர் 4-இல் நெஞ்சு நோயால் காலமானபோது கையில் காசில்லை. அவர் படம்கூட நமக்குக் கிடைக்கவில்லை. 1995-இல் அவர் கைப்பட எழுதிய பிரதி கண்டெடுக்கப்பட்டது. அதில் கவிதைக்கு 1816 என்ற ஆண்டும், இசைக்குக் குரூபரின் பெயரும் தெளிவாய் உள்ளன.

1914-இல் முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில், எதிரெதிரே நின்ற வீரர்கள் தத்தம் மொழியில் இப்பாட்டைப் பாடினர். 1935-இல் பிங் கிராஸ்பி பாடிய இசைத்தட்டு இலட்சக்கணக்கில் விற்றது. இன்று நூற்றுக்கணக்கான மொழிகளில் இது பாடப்படுகிறது.

அன்பர்களே, தகப்பனற்ற ஒரு பிள்ளையை ஒரு குரு கைதூக்கிவிட்டார். அப்பிள்ளை உலகிற்கே ஒரு பாட்டைத் தந்தது. நம் பங்கிலும் கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படாமல் உழைத்தோர் பலர். இவ்வாண்டு குடிலின்முன் அப்பாட்டைப் பாடும்போது அவர்களையும், ஏழைக் குரு மோரையும் நன்றியோடு நினைத்துக்கொள்வோம். நம்மிடையே படிக்க வழியின்றி நிற்கும் பிள்ளை எவரேனும் உண்டா என்றும் சுற்றிப் பார்ப்போம்.