ஊர்ப்பெயர் தேடிய சொல்லின் செல்வர்

நெல்லைக்கு அணித்தாகவுள்ள இராசவல்லிபுரத்தில் 1896ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2ஆம் நாள் தோன்றியவர் ரா. பி. சேதுப்பிள்ளை. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று, அங்கேயே தமிழாசிரியராகவும் விளங்கிப் பின் சட்டம் கற்று நெல்லையில் வழக்கறிஞரானார்.

அன்னாரின் அடுக்குமொழி மேடைப்பேச்சை அறிந்தார் பலர். நகர்மன்றத்தில் அவர் ஆற்றிய பணியை அறிந்தாரோ சிலரே. உறுப்பினராகவும் துணைத்தலைவராகவும் இருந்த காலத்தில், நெல்லைத் தெருக்கள் சிலவற்றின் பெயர்கள் திரிந்து வழங்குவதைக் கண்டு, அவற்றின் உண்மைப் பெயர்களை மீண்டும் வழங்கச் செய்தார். பத்திரத்தில் ஒரு சொல் பிறழ்ந்தால் நிலமே கைமாறிவிடும் என்பதை வழக்கறிஞர் அறியாரா? பின்னாளில் அவர் மேற்கொண்ட ஊர்ப்பெயர் ஆய்வுக்கு வித்து அங்கேயே விழுந்தது என்பது நம் துணிபு.

1930இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப்பணி ஏற்றார். 'ஊரும் பேரும்' 1946இல் வெளிவந்தது. 1955இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது 'தமிழின்பம்' என்னும் நூலே. எனினும் நாம் முதன்மை தருவது முன்னதற்கே. ஓரோவிடத்துச் சொற்சுவை சான்றை முந்துகிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், கல்வெட்டறிக்கைகளில் உறங்கிக் கிடந்த பழம்பெயர்களைப் பொதுமக்கள் சுவைக்குமாறு தமிழில் தந்த பெருமை அதற்குண்டு.

அவர் காட்டிய நெறியில் நம் கம்பம் பள்ளத்தாக்கை நோக்குவோம். இன்றைய சின்னமனூர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் அளநாட்டு அரிகேசரிநல்லூர். அரிகேசரி என்பது பாண்டியர் பூண்ட பெயர். மன்னன் பெயரைச் சுமந்த அவ்வூர்ப்பெயர் மக்கள் நாவில் நில்லாது மறைந்தது. அங்குக் கிடைத்த செப்பேடுகளுள் பெரியது, 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியனுடையது. அளநாட்டு நற்செய்கைப்புத்தூரை மந்தரகௌரவமங்கலம் எனப் புதுப்பெயரிட்டு அவன் கொடையளித்ததை அது பகர்கின்றது. நற்செய்கை என்னும் நல்ல தமிழ்ப்பெயரை மாற்றியது காலமன்று, அரசாணையே! ஆயினும் பழம்பெயரை நமக்குக் காத்துத் தந்ததும் அதே ஏடுதான். புலப்பெயர், குளப்பெயர், மடைப்பெயர் ஆகியவற்றை முதியோர் வாய்க்கேட்டு, வருவாய்த்துறைப் பதிவேடுகளோடும் இத்தகைய ஏடுகளோடும் ஒப்புநோக்கும் பணி நம் மாணாக்கர்க்குக் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது.

தருமபுரம் ஆதீனம் சேதுப்பிள்ளைக்குச் 'சொல்லின் செல்வர்' என்னும் விருதளித்துச் சிறப்பித்தது. கால் நூற்றாண்டுக் காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வளர்த்த அப்பெருந்தகை, 1961 ஏப்பிரல் 25இல் இயற்கை எய்தினார்.