வண்டி வடித்த சிற்பி எட்டோரே புகாட்டி

தில்லி மாநகரில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையார் 1964 ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த பழைய மோட்டார் வண்டிகளின் ஓட்டத்தை நம் சங்கத்து அன்பர்களில் பலர் கண்டிருப்பார்கள். நான் கண்டபோது என் மனத்தைக் கவர்ந்தது 1914 ஆம் ஆண்டின் ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டி. ஆண்டு முழுவதும் ரயில் அருங்காட்சியகத்தில் அசையாது நிற்கும் அது, அன்றைக்கு மட்டும் மணியடித்துக்கொண்டு வீதிக்கு வந்தது. நம்மூர்க் கோயிலில் மூலவர் உள்ளே இருக்க உற்சவர் உலா வருவார். இங்கோ மூலவரே எழுந்து வந்துவிட்டார்!

அன்றிரவு விடுதி உணவறையில் ஒரு வழக்கு மூண்டது. உலகில் மூன்றோ நான்கோ மட்டுமே உள்ள ஒரு வண்டியை உடையவன் அதை ஓட்டி மகிழலாமா, அல்லது பூட்டிப் பாதுகாக்க வேண்டுமா? ஓட்டினால் தேயும், ஒரு நாள் உடையவும் உடையும். ஓட்டாவிட்டால் அது வண்டிதானா? சாம்பார் ஆறிப்போயிற்று, வழக்கு ஓயவில்லை. நான் பூட்டி வைப்போர் கட்சியில் நின்று உரத்த குரலில் வாதாடினேன். பின்னர் ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது. அதன்பின் என் குரல் சற்றுத் தாழ்ந்துவிட்டது. அவர் வாழ்க்கையையே இங்கு எழுதுகிறேன்.

எட்டோரே புகாட்டி 1881 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். தந்தை கார்லோ புகாட்டி மரச்சாமான் கலையில் புகழ் பெற்றவர். பதப்படுத்திய தோலும் செம்பும் இழைத்து அவர் செய்த நாற்காலிகளின் படங்களைப் பார்த்தால், அவற்றில் உட்காரவும் ஒரு துணிவு வேண்டும் என்றே தோன்றுகிறது. தம்பி ரெம்பிராண்ட் புகாட்டி விலங்குகளை வெண்கலத்தில் வடித்த பெருஞ்சிற்பி. எட்டோரேயும் கலை பயிலப் புகுந்தவர்தாம். தம்பியின் கைத்திறனைக் கண்டு, அந்தத் துறையில் தாம் இரண்டாமவராகவே இருக்க நேரும் என உணர்ந்து இயந்திரங்களின் பக்கம் திரும்பினார் என்பர்.

மிலானில் ஒரு பட்டறையில் பயிற்சி பெற்று, இருபது வயது நிரம்பும் முன்பே தாமே ஒரு மோட்டார் வண்டியை உருவாக்கினார். 1901 ஆம் ஆண்டு மிலான் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. அல்சாஸ் பகுதியிலிருந்த தெ தீத்ரிஷ் நிறுவனத்தார் உடனே அவரை அழைத்தனர். ஒப்பந்தத்தில் கையெழுத்திட அவருக்குச் சட்டப்படி வயது வரவில்லை. ஆகவே தந்தை கையெழுத்திட்டார்! பிறகு சில நிறுவனங்களில் பணியாற்றி, ஜெர்மனியின் கொலோன் நகரில் இருந்தபோது தம் வீட்டு நிலவறையில் சிறு வண்டி ஒன்றை வடித்தார். அந்த வண்டியை நம்பி வேலையை விட்டார். 1909 ஆம் ஆண்டு அல்சாஸ் பகுதியின் மோல்ஷைம் என்னும் சிற்றூரில், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு சாயப்பட்டறையில் அவருடைய தொழிற்சாலை பிறந்தது. அப்போது அந்த ஊர் ஜெர்மனிக்குச் சொந்தம். முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சுக்குச் சொந்தமாயிற்று.

அந்தப் போர் மூண்டபோது அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. மூன்று பந்தய வண்டிகளின் உறுப்புகளை மண்ணில் புதைத்துவிட்டு மோல்ஷைமை விட்டுப் போனார். போர் முடிந்ததும் திரும்பி வந்து தோண்டி எடுத்தார். எடுத்தவற்றை எண்ணெய் பூசி மூலையில் வைக்கவில்லை. பூட்டிப் பொருத்திப் பந்தயத்துக்கு அனுப்பினார். 1920 இல் பிரான்சின் லெமான் நகரில் நடந்த சிறுவண்டிப் பந்தயத்தில் அவர் வண்டிக்கே வெற்றி. மறு ஆண்டு இத்தாலியின் பிரெஷியாவில் முதல் நான்கு இடங்களும் அவர் வண்டிகளுக்கே கிடைத்தன.

1924 இல் வெளிவந்த முப்பத்தைந்தாம் வகை வண்டி அவர் பெயரை உலகெங்கும் பரப்பியது. சிசிலித் தீவின் மலைப்பாதைகளில் நடக்கும் டார்கா புளோரியோ பந்தயத்தில் 1925 முதல் 1929 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து புகாட்டி வண்டிகளே வென்றன. இதில் நாம் நோக்க வேண்டியது, அவர் பந்தய வண்டியைத் தம் வீரர்களுக்கென்று ஒளித்து வைக்கவில்லை என்பது. பணம் கொடுத்தால் யாரும் வாங்கலாம், ஓட்டலாம், பந்தயத்தில் இறங்கலாம். செக்கோஸ்லோவாக்கியப் பெண்மணி எலிஸ்கா யூங்கோவா அப்படி ஒரு புகாட்டியில்தான் 1928 ஆம் ஆண்டு டார்கா புளோரியோவில் ஆண்களோடு போட்டியிட்டு ஐந்தாவதாக வந்தார்.

மோல்ஷைமில் அவர் வாழ்ந்த வாழ்வு ஒரு குறுநில மன்னரின் வாழ்வு. தொழிலாளர்கள் அவரை முதலாளி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் அழைத்தனர். உயர்சாதிக் குதிரைகள் வளர்த்தார். வண்டி வாங்க வருவோர் தங்கத் தனி விடுதியே வைத்திருந்தார். குளிர்காலத்தில் வண்டி எளிதில் கிளம்பவில்லை என்று முறையிட்ட ஒருவரிடம், என் வண்டியை வாங்க வசதியுள்ளவருக்குக் கணப்பு வைத்த கொட்டகை கட்டவும் வசதி இருக்குமே என்று அவர் வியந்தாராம். கதையோ நிகழ்ச்சியோ, ஆளைக் காட்டிவிடுகிறது.

இந்தச் செருக்கின் உச்சியில் பிறந்ததே நாற்பத்தொன்றாம் வகை வண்டி. அரசுக்குரியது என்று பொருள்பட அதற்கு ரோயால் என்று பெயர். அதன் அளவுகளைச் சொன்னால் ரயில் பெட்டியின் கணக்கு என்றே நினைக்கத் தோன்றும். நீளம் 6.4 மீட்டர், எடை ஏறத்தாழ 3 டன். வரிசையாக எட்டு சிலிண்டர்கள், அவற்றின் கொள்ளளவு 12.7 லிட்டர். நம் தெருக்களில் ஓடும் சிறு கார்களின் எஞ்சின்கள் பத்துப் பன்னிரண்டை ஒன்றாகக் கட்டினாலொழிய அந்த அளவு வராது. முகப்பில், நீராவி மூடியின் மேல், பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் ஒரு யானை. தம்பி ரெம்பிராண்ட் 1916 ஆம் ஆண்டு, முப்பத்தொரு வயதில், பாரிஸில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் வடித்திருந்த யானையையே அண்ணன் தம் வண்டிகள் அனைத்திலும் பெரிய வண்டியின் நெற்றியில் நிறுத்தினார். நிற்பதற்கென்று தம்பி செய்த யானை, அண்ணன் வண்டியின்மேல் ஏறி நாடு சுற்றப் புறப்பட்டது.

25 வண்டிகள் செய்ய எண்ணினார். செய்து முடித்தவை 6. உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்து சேர்ந்தது. அரசர்களுக்கென்று செய்த வண்டியை ஓர் அரசரும் வாங்கவில்லை. 1932, 1933 ஆம் ஆண்டுகளில் மூன்று மட்டும் விலைபோயின. ஆயத்த ஆடை வணிகர் ஒருவர், ஜெர்மானிய மருத்துவர் ஒருவர், ஆங்கிலேயர் ஒருவர் ஆகிய மூவரும் வாங்கினர். ஆடை வணிகர் இரவில் வண்டி ஓட்டுவதில்லையாம். ஆகையால் முகப்பு விளக்குகளே வேண்டாம் என்று கூறிவிட்டார்! அந்த விளக்கில்லா வண்டியின் அழகிய கூட்டை வரைந்தவர் எட்டோரேயின் மூத்த மகன் ழான். இருபத்து மூன்று வயது இளைஞர்.

என் கட்சியை முதலில் அசைத்த செய்தி இங்கேதான் வருகிறது. ரோயாலின் முதல் வண்டி, உலகில் அதற்கு இணையே இல்லாத வண்டி, எட்டோரேயிடமே இருந்தது. ஒரு பாக்கார்டு காரின் கூட்டை அதன்மேல் ஏற்றி அவர் ஊரெல்லாம் ஓட்டித் திரிந்தார். பின்னர் அந்த வண்டிக்கு வெவ்வேறு கூடுகள் மாற்றினார். 1930களின் தொடக்கத்தில் ஒரு நாள் பாரிஸிலிருந்து வீடு திரும்புகையில் ஓட்டியபடியே கண்ணயர்ந்துவிட்டார். வண்டி நொறுங்கியது. அதைச் செய்தவரே அதை உடைத்தார். உடைந்ததை எண்ணி ஓட்டுவதை நிறுத்தினாரா? மீண்டும் ஒன்று கட்டினார். அதற்கு ழான் வரைந்த புதுக் கூட்டினால் அது நெப்போலியன் கூப்பே எனப் பெயர் பெற்றது.

விலைபோகாத எஞ்சின்கள் பட்டறையில் குவிந்து கிடந்தன. வேறொருவராயின் உருக்கியிருப்பார். எட்டோரே அவற்றைக் கொண்டு ரயில் பாதையில் ஓடும் மோட்டார் வண்டி செய்தார். ஒன்றில் நான்கு ரோயால் எஞ்சின்கள் வரை பூட்டப்பட்டன. 1933 முதல் அவை பிரெஞ்சு ரயில் பாதைகளில் ஓடத் தொடங்கின. 1934 இல் மணிக்கு 196 கிலோமீட்டர் வேகத்தை எட்டிச் சாதனை நிகழ்த்தின. தொழிற்சாலையைப் பட்டினியிலிருந்து காத்தவை இந்த ரயில் வண்டிகளே. கடைசி வண்டி 1958 வரை ஓடியது.

1936 இல் பிரான்சு முழுவதும் வேலை நிறுத்தம் நடந்தபோது மோல்ஷைம் தொழிலாளர்களும் நிறுத்தினர். தம்மைக் குடும்பத் தலைவராகவே கருதியிருந்த எட்டோரேக்கு அது பெரும் மனக்காயம். தொழிலாளர் பக்கம் நியாயம் இல்லாமலா இருந்திருக்கும்? அவர் அப்படி எண்ணவில்லை. பாரிஸில் குடியேறிவிட்டார். தொழிற்சாலையை ழான் நடத்தினார்.

ழான் வரைந்தவற்றுள் தலைசிறந்தது ஐம்பத்தேழாம் வகையில் அட்லாண்டிக் என்னும் வண்டி. நான்கே நான்கு பிறந்தன. ழான் தமக்கென்று வைத்திருந்த கறுப்பு வண்டி போர்க்காலத்தில் காணாமற்போயிற்று. இன்றுவரை கிடைக்கவில்லை. மற்றொன்று 1955 இல் பிரான்சில் ஒரு ரயில்வே கேட்டில் ரயில் மோதிச் சிதைந்தது. அதில் சென்ற இருவரும் மாண்டனர். எஞ்சிய உறுப்புகளைத் திரட்டிப் பிற்காலத்தில் அதைப் புதுப்பித்தார்கள். ஓட்டுவோர் கட்சிக்கு நான் முழுமனத்தோடு போய்ச் சேராமல் இருப்பதற்கு இந்த ஒரு செய்தி போதும்.

பந்தயத்தில் ஓட்டக்கூடாது என்று தந்தை மகனைத் தடுத்திருந்தார். ஆனால் வண்டிகளைச் சோதித்துப் பார்க்க ழான் ஓட்டத்தானே வேண்டும்? 1939 ஆம் ஆண்டு ஆகஸ்டு 11 ஆம் நாள் இரவு, அவ்வாண்டு லெமான் பந்தயத்தில் வென்ற அதே வண்டியை மோல்ஷைம் அருகே ஒரு சாலையில் ஓட்டிச் சென்றார். குறுக்கே வந்த சைக்கிள்காரர்மேல் மோதாதிருக்க ஒடித்துத் திருப்பினார். வண்டி மரத்தில் மோதியது. முப்பது வயது ழான் மாண்டார். மூன்று வாரங்களில் இரண்டாம் உலகப் போர் மூண்டது.

போரில் ஜெர்மானியர் தொழிற்சாலையைப் பிடுங்கிக்கொண்டனர். விலைபோகாத மூன்று ரோயால்களைக் குடும்பத்தார் பாரிஸுக்கு அருகிலுள்ள எர்மனோன்வீல் என்னும் இடத்தில் வைத்துச் சுவர் எழுப்பி மறைத்தனர். எதிரி கண்ணில் படாமல் அவை பிழைத்தன. முன்னைப் போரில் புதைத்தவர் தாமே வந்து தோண்டினார். இம்முறை சுவரை இடித்து அந்த வண்டிகளை ஓட்ட மகனும் இல்லை, அவருக்கு உடல் வலிமையும் இல்லை. தொழிற்சாலைக்காக நீதிமன்றப் படியேறி அலைந்த எட்டோரே 1947 ஆம் ஆண்டு ஆகஸ்டு 21 ஆம் நாள் பாரிஸில் மறைந்தார். மோல்ஷைமை ஒட்டிய டோர்லிஷைம் ஊரில் ழான் அருகே அவரை அடக்கம் செய்தனர்.

அவருக்குப் பின் அந்த ஆறு யானைகள் என்ன ஆயின? ஜெர்மானிய மருத்துவர் இட்லரின் நாட்டை விட்டு வெளியேறி ஷாங்காய் வழியாக நியூயார்க் சேர்ந்தார். வண்டியும் உடன் சென்றது. அங்கே ஒரு கடுங்குளிரில், எஞ்சினுள் இருந்த நீர் உறைந்து அது வெடித்துப்போயிற்று. பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்ட அந்த வண்டியை அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் செய்ன் கண்டெடுத்து வாங்கினார். வெடித்ததைச் சீர்படுத்தினார், நான்கு கார்புரேட்டர்கள் பொருத்தினார், வெள்ளை வண்ணம் பூசினார், ஓட்டினார். கலைப்பொருளை இப்படி மாற்றலாமா என்று தூய்மைவாதிகள் இன்றும் முணுமுணுக்கிறார்கள். பிறகு அவரே அதை ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கு அளித்துவிட்டார். சுவருக்குள் ஒளிந்த மூன்றில் இரண்டை 1950 இல் பிரிக்ஸ் கன்னிங்காம் என்ற அமெரிக்கப் பந்தய வீரர் சொற்பப் பணத்துக்கு வாங்கினார். பணத்தோடு புதிய குளிர்சாதனப் பெட்டிகளும் கைமாறினவாம், போர் முடிந்த பிரான்சில் அவற்றுக்கு அவ்வளவு தட்டுப்பாடு! அவ்விரண்டில் ஒன்று 1987 இல் லண்டன் ஏலத்தில் 55 லட்சம் பவுனுக்குப் போயிற்று. அந்த விலைக்கு வாங்கியவர் அதைச் சந்தைக்குக் காய்கறி வாங்க ஓட்டிச் செல்வார் என எதிர்பார்க்க முடியுமா?

பூட்டி வைப்பதன் எல்லையைக் காண வேண்டுமானால் மியூல்ஹவுஸ் நகரின் ஷ்லும்ப்ஃப் சகோதரர்களைக் காண வேண்டும். நெசவாலை முதலாளிகளான அவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட புகாட்டிகளையும் வேறு பல வண்டிகளையும் வாங்கி, ஓர் ஆலைக்குள் யாருக்கும் காட்டாமல் குவித்தனர். நெப்போலியன் கூப்பேயும் ஆங்கிலேயரின் ரோயாலும் அங்கே போய்ச் சேர்ந்தன. ஆலைகள் நொடித்தன. 1977 இல் கூலிக்குப் போராடிய தொழிலாளர்கள் கதவைத் திறந்து உள்ளே புகுந்தபோது, தங்கள் முதலாளிகளின் பணம் எங்கே போயிற்று என்பதைக் கண்ணாரக் கண்டனர். 1982 முதல் அது அனைவரும் காணும் அருங்காட்சியகம்.

விளக்கில்லா வண்டியின் கூட்டைப் பின்னர் வாங்கியவர் மாற்றிவிட்டார். அருங்காட்சியகத்தார் ழானின் வரைவைப் பின்பற்றி அதுபோல ஒன்றைப் புதிதாகவே செய்து வைத்திருக்கிறார்கள். ஆறு ரோயால்களும் அருகருகே நின்றது 1985 இல், கலிபோர்னியாவின் பெபிள் பீச் கடற்கரைக் கண்காட்சியில்.

அதே மியூல்ஹவுஸ் நகரில் ரயில்களுக்கென்று இன்னோர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே எட்டோரேயின் ரயில் வண்டி ஒன்று நிற்கிறது. அரசர்களுக்கென்று செய்த எஞ்சினின் பின்னே, டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாரும் ஏறிப்போன வண்டி அது.