காயலான் கடை இரும்பும் ஹென்றி போர்டும்

மோட்டார் உலகின் முடிசூடா மன்னர் என்று ஹென்றி போர்டைச் சொல்வார்கள். அவர் கோடீசுவரரான வரலாற்றை எழுதியவர்கள் பலர். நான் எழுத விரும்புவது அதனை அன்று. கழித்துப் போட்ட குழாயையும் சைக்கிள் சக்கரத்தையும் கொண்டு வண்டி கட்டிய இளைஞர் போர்டைப் பற்றியும், அவர் விற்ற காரைப் பின்னாளில் அறுத்தும் ஒட்டியும் சுமை வண்டியாக்கிக் கொண்ட உழவர்களைப் பற்றியுமே எழுத விரும்புகிறேன். இயற்பியல் மாணவனாகிய எனக்கு அவரது செல்வத்தைவிட அந்தக் குழாய்தான் பெரிதாகத் தெரிகிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராயிட் நகருக்கு அருகே ஓர் உழவர் குடும்பத்தில் 1863 ஜூலை 30 அன்று ஹென்றி போர்டு பிறந்தார். தந்தை வில்லியம் அயர்லாந்திலிருந்து குடியேறியவர். மூத்த மகன் ஏரைப் பிடிப்பான் என்று அவர் எண்ணினார். மகனுக்கோ கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டுவதிலேயே நாட்டம். அக்கம்பக்கத்தார் கடிகாரங்களெல்லாம் அவரிடம் வந்து சேர்ந்தன. 1876இல் தாயை இழந்தார். அதே ஆண்டில்தான், குதிரையின்றித் தானே சாலையில் நகர்ந்து வந்த நீராவி எந்திரம் ஒன்றைக் கண்டார். அந்தக் காட்சி அவர் மனத்தைவிட்டு அகலவே இல்லை.

பதினாறாம் வயதில், 1879இல், டெட்ராயிட்டுக்குச் சென்று பட்டறையில் தொழில் பயிலுநராகச் சேர்ந்தார். பகலில் பட்டறை வேலை. இரவில் கடிகாரம் பழுது பார்க்கும் வேலை. இடையில் ஊர் திரும்பினார். 1888இல் கிளாரா என்னும் பெண்ணை மணந்தார். நிலத்திலேயே தங்கிவிடுவார் என்று நம்பித் தந்தை நிலமும் கொடுத்தார். ஆனால் 1891இல் மனைவியுடன் மீண்டும் டெட்ராயிட்டுக்குச் சென்று, எடிசன் மின்விளக்கு நிறுவனத்தில் பொறியாளராக அமர்ந்தார். பொறியியல் பட்டம் ஏதும் அவரிடம் இல்லை. எந்திரத்தைத் திறந்து பார்த்த பழக்கமே அவரது படிப்பு.

1893ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. போர்டின் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் ஒரு சிறு எந்திரம் இறுக்கிப் பொருத்தப்பட்டிருந்தது. அதன் சிலிண்டர் ஒரு பழைய எரிவாயுக் குழாய். அதன் சுழல் சக்கரம், கடைசல் எந்திரத்திலிருந்து கழற்றிய கைச்சக்கரம். தீப்பொறிக்கு வீட்டு விளக்கின் மின்சாரம். கிளாரா சொட்டுச் சொட்டாகப் பெட்ரோலை விட, கணவர் சக்கரத்தைச் சுழற்றினார். அடுத்த அறையில் இரண்டு மாதமும் நிரம்பாத குழந்தை எட்சல் உறங்கிக்கொண்டிருந்தான். எந்திரம் புகையைக் கக்கிக்கொண்டு ஓடியது! உலகப் புகழ்பெற்ற ஒரு தொழிலின் தொடக்கம் அந்தச் சமையலறைதான்.

அடுத்து வண்டி. வீட்டின் பின்புறச் செங்கல் கொட்டகையில் இரவு இரவாக வேலை நடந்தது. நீராவி எந்திரம் ஒன்றின் கழிவுக் குழாயை அறுத்து இரண்டு சிலிண்டர்கள் செய்தார். நான்கு சைக்கிள் சக்கரங்கள், குதிரை வண்டிக்கு உரிய இருக்கை, ஒலி எழுப்ப வீட்டுக் கதவின் அழைப்பு மணி. மொத்த எடை ஏறத்தாழ 225 கிலோ. இரண்டு வேகங்கள் உண்டு. பின்னோக்கிச் செல்லும் வசதி இல்லை. 1896 ஜூன் 4 அன்று விடியுமுன் வண்டி ஆயத்தமாயிற்று. அப்போதுதான் கொட்டகையின் கதவு வண்டியைவிடக் குறுகலானது என்பது தெரிந்தது! போர்டு கோடரியை எடுத்துச் செங்கற்களைப் பெயர்த்தார். நண்பர் ஒருவர் சைக்கிளில் முன்னே சென்று வழி விலக்க, வண்டி தெருவில் ஓடியது. அதைப் பின்னர் 200 டாலருக்கு விற்று, அந்தப் பணத்தை அடுத்த வண்டியில் போட்டார். வசதி வந்தபின் அதையே தேடி 65 டாலருக்குத் திரும்ப வாங்கினார். இன்று அது டியர்பார்ன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

1899இல் தொடங்கிய முதல் நிறுவனம் 1901இல் கலைந்தது. இரண்டாவது நிறுவனத்திலிருந்து 1902இல் விலகினார். நாற்பதை நெருங்கிய வயதில், 1903 ஜூன் 16 அன்று, மூன்றாவது முறையாகத் தொடங்கியதே போர்டு மோட்டார் நிறுவனம். 1908இல் 'மாடல் டி' கார் வெளிவந்தது. 1913இல் அதன் சட்டகம், தொழிலாளி நின்ற இடத்துக்கே நகர்ந்து வரும் ஏற்பாடு தொடங்கியது. முன்பு பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை, ஓராண்டுக்குள் 93 நிமிடங்களில் முடிந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் வெளிவந்தன.

இங்கேதான் என் மனம் நின்று யோசிக்கிறது. ஒரு வண்டி முழுவதையும் தம் கையால் கட்டி மகிழ்ந்தவர் போர்டு. அவரது ஆலைத் தொழிலாளிக்கோ நாள் முழுவதும் ஒரே திருகாணி! சலிப்புத் தாங்காமல் கூட்டம் கூட்டமாக வேலையைவிட்டு ஓடினார்கள். 1914இல் நாளொன்றுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தே அவர்களை நிறுத்த முடிந்தது. கூலி உயர்ந்தது, கைத்திறனின் இன்பம் திரும்பவில்லை.

ஆயினும் அந்த இன்பம் வேறோரிடத்தில் பிழைத்திருந்தது. மாடல் டியின் அமைப்பு எளிது. சுத்தியும் திருகு சாவியும் உள்ள எந்த உழவரும் அதைத் திறக்கலாம். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பட்டை மாட்டி, மரம் அறுக்கவும் நீர் இறைக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். காரின் பின்பாதியை வெட்டியெறிந்து, மரப்பெட்டியைப் பொருத்திச் சந்தைக்குக் காய்கறி ஏற்றினார்கள். சட்டகத்தை நீட்டிப் பெரிய சுமை வண்டியாக்கியவர்களும் உண்டு. நிறுவனம் அவர்களிடம் பாடம் கற்றது. 1917இல் ஒரு டன் சுமக்கும் 'மாடல் டிடி' வந்தது. 1925இல் இரும்புப் பெட்டி பொருத்திய பிக்கப் வண்டி 281 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. முதல் ஆண்டிலேயே சுமார் 34,000 வண்டிகள் ஆயின. இருக்கைக்குப் பின்னே இடத்தை நீட்டிய 'சூப்பர்கேப்' பிக்கப்பை 1974இல் அந்நிறுவனம் வெளியிட்டபோது போர்டு உயிருடன் இல்லை. முதல் பிக்கப்பைச் செய்தவர் யார் என்று கேட்டால், பெயர் தெரியாத ஓர் உழவர் என்றே நான் விடை எழுதுவேன்.

பழைய இரும்பின் மதிப்பைப் போர்டு மறக்கவில்லை. 1930களில் தம் ரூஜ் ஆலையில் பழைய கார்களை வாங்கி, வரிசையில் நிறுத்திப் பிரித்து, கண்ணாடியையும் மரத்தையும் தனியே எடுத்து, எஞ்சிய இரும்பை உருக்கினார். ஆனால் மனிதரை மதிப்பதில் தவறினார். 1920 முதல் தம் வார இதழில் யூதர்கள்மீது பொய்ப்பழி சுமத்தும் கட்டுரைகளை வெளியிட்டார். 1927இல் மன்னிப்புக் கேட்டவர், 1938இல் ஹிட்லர் அரசின் விருதை ஏற்றார். 1937இல் சங்கம் அமைக்க வந்தவர்களை அவரது ஆட்கள் அடித்து வீழ்த்தினர். 1941இல்தான் சங்கத்தை ஒப்புக்கொண்டார். எந்திரத்தைத் திறந்து பார்த்து உண்மை அறிந்தவர், மனிதரைப் பற்றி மட்டும் பிறர் சொன்ன பொய்யைத் திறந்து பாராமலே நம்பினார். பெரியவர் என்பதற்காக இதை மறைப்பது அறிவியல் ஆகாது.

1947 ஏப்ரல் 7 அன்று, 83ஆம் வயதில் அவர் காலமானார். ஆற்று வெள்ளத்தால் வீட்டில் மின்சாரம் நின்றிருந்தது. மின்விளக்கு நிறுவனத்தில் பொறியாளராய் இருந்தவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண்ணை மூடினார்.

நண்பர்களே, கருவி இல்லை, பணம் இல்லை, வழிகாட்ட ஆள் இல்லை என்று நாம் சோர்ந்து உட்காருவது உண்டு. காயலான் கடையில் கிடக்கும் குழாயும் ஒரு சிலிண்டரே. அதைக் காணும் கண்ணைப் போர்டிடம் கற்போம். அவர் காணத் தவறியதையும் சேர்த்தே கற்போம்.