குறி தவறாத கைகள் – ஆனி ஓக்லி அம்மையாரின் வாழ்க்கை

துப்பாக்கி என்றவுடன் நம் மனக்கண்முன் நிற்பது போர்க்களமும் குருதியுமே. பெண்கள் பயிலும் பள்ளியின் ஆண்டு மலரில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று பெற்றோர் சிலர் புருவத்தை உயர்த்தவும் கூடும். ஆயினும் தோழியரே, பசித்த குடும்பத்துக்கு உணவு தேடத் துப்பாக்கியைக் கையிலெடுத்து, உலகமே வியக்கக் குறிபார்த்து, இறுதியில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அக்கலையைக் கற்பித்த ஓர் ஏழைப் பெண்மணியின் வாழ்க்கை நாம் அறிய வேண்டிய ஒன்றாகும். அவர்தாம் அமெரிக்க நாட்டு ஆனி ஓக்லி அம்மையார்.

இளமையும் வறுமையும்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டார்க் மாவட்டம் என்றொரு பகுதி உண்டு. அங்கே காட்டை ஒட்டிய மரக்குடிசை ஒன்றில் 1860ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13ஆம் நாள் ஆனி பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஃபீபி ஆன். பெற்றோர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர்கள். போரையும் வன்செயலையும் அறவே வெறுக்கும் கிறிஸ்தவப் பிரிவு அது. அத்தகைய இல்லத்தில் பிறந்த பெண் துப்பாக்கியால் புகழ் பெற்றது விந்தையே.

1866ஆம் ஆண்டில் தந்தை பனிப்புயலில் சிக்கி நோயுற்று மாண்டார். அன்னையோ பல குழந்தைகளுடன் தனித்து நின்றார். ஆனிக்கு அப்போது வயது ஆறுகூட நிரம்பவில்லை. காட்டில் கண்ணி வைத்துச் சிறு பறவைகளைப் பிடித்து அன்னையிடம் கொடுத்தாள் சிறுமி. அடுப்பங்கரைச் சுவரில் தந்தையின் பழைய துப்பாக்கி மாட்டியிருந்தது. எட்டு வயதளவில் அதை இறக்கிச் சுடப் பழகினாள்.

அக்காலத் துப்பாக்கி இன்றுள்ளது போன்றதன்று. குழலின் வாய்வழியே வெடிமருந்தை அளந்து கொட்ட வேண்டும். பிறகு குண்டை இட்டு நீண்ட கோலால் இடித்து இறுக்க வேண்டும். ஒரு முறை சுட்டுத் தவறினால் மறுமுறை மருந்து இட்டு முடிப்பதற்குள் முயல் ஓடி மறைந்துவிடும். மருந்தும் வீண், இரவு உணவும் இல்லை. மருந்தை மிகுதியாக இட்டாலோ குழலே வெடித்துவிடலாம். ஆகவே அவசரப்படாமை, அளவறிதல், ஒரே முயற்சியில் முழுக்கவனம் ஆகிய மூன்று பாடங்களையும் வறுமையே அச்சிறுமிக்குக் கற்பித்தது எனலாம்.

வறுமை இன்னும் கொடிய பாடங்களையும் வைத்திருந்தது. 1870ஆம் ஆண்டில், ஒன்பது வயதில், ஆனி மாவட்டத்தின் ஏழையர் விடுதிக்கு அனுப்பப்பட்டாள். அங்குத் தையற்கலை கற்றாள். பின்னர் ஒரு குடும்பத்தார் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பள்ளிக்கும் அனுப்புவோம் என்று சொல்லி அழைத்துச் சென்றனர். பள்ளியைக் காட்டவே இல்லை. விடியுமுன் தொடங்கி இரவு வரை வேலை; பிழை நேர்ந்தால் அடி. பனியில் வெறுங்காலுடன் வெளியே நிறுத்தப்பட்டதும் உண்டு. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பொறுத்த பின் அங்கிருந்து தப்பி ஓடினாள். தன்னை வதைத்த அக்குடும்பத்தின் பெயரை ஆனி வாழ்நாள் முழுதும் வெளியிடவில்லை. ஓநாய்கள் என்று மட்டுமே குறிப்பிட்டார். பழிவாங்கும் எண்ணம் அவரிடம் இல்லை.

மீண்டும் இல்லம் சேர்ந்தவள் வேட்டையைத் தொழிலாகவே மேற்கொண்டாள். காடையும் முயலும் கிரீன்வில் நகரக் கடைகளுக்குச் சென்றன. அங்கிருந்து சின்சினாட்டி நகர ஓட்டல்களுக்கும் போயின. இறைச்சியில் ரவை தங்காதபடி தலையிலேயே சுடுவாள் என்பர். அவ்வாறு காசுக்குக் காசு சேர்த்து, பதினைந்து வயதளவில் அன்னையின் வீட்டின் மீதிருந்த அடைமானக் கடனைத் தீர்த்துவிட்டாள். பிற்காலத்தில் மன்னர்கள் வழங்கிய பரிசுகளைவிட இதுவே அவருக்குப் பெருமை தந்தது.

போட்டியும் இல்லறமும்

ஃபிராங்க் பட்லர் என்பவர் அயர்லாந்திலிருந்து குடியேறியவர். மேடைதோறும் துப்பாக்கி வித்தை காட்டிப் பெயர் பெற்றவர். உள்ளூரில் எவரையும் வெல்வேன் என்று பந்தயம் கட்டினார். எதிரே வந்து நின்றவளோ ஐந்தடி உயரமுள்ள ஓர் இளம்பெண். பட்லர் சிரித்திருப்பார். ஆயினும் அவர் இறுதிக் குறியைத் தவறவிட்டார்; ஆனி ஒன்றையும் தவறவிடவில்லை. இது நடந்த ஆண்டு 1875 என்பாரும் உளர். 1881 என்பாரும் உளர். தோற்றவர் சினங்கொள்ளவில்லை. அவளையே மணந்துகொண்டார்.

1882ஆம் ஆண்டில் ஒரு நாள் பட்லரின் கூட்டாளி நோயுற, அவ்விடத்தில் ஆனி மேடையேறினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. மனைவியின் திறமை தம்மினும் மேலானது என்று உணர்ந்த பட்லர், தம் புகழை ஒதுக்கி வைத்து, மனைவிக்கு மேலாளராகவும் உதவியாளராகவும் இறுதிவரை விளங்கினார். அக்காலத்தில் மட்டுமன்று, எக்காலத்திலும் இது எளிதன்று. ஓக்லி என்பது ஆனி மேடைக்காக ஏற்ற பெயராகும்.

உலகப் புகழ்

1884ஆம் ஆண்டில் செவ்விந்தியரின் மாபெரும் தலைவரான சிட்டிங் புல், ஆனியின் திறமையைக் கண்டு அவரைத் தம் மகளாகவே ஏற்றார். அடுத்த ஆண்டு பஃபலோ பில் என்பவரின் புகழ்பெற்ற காட்சிக் குழுவில் ஆனி சேர்ந்தார். 1887ஆம் ஆண்டில் விக்டோரியா பேரரசியாரின் பொன்விழாவையொட்டி அக்குழு இலண்டன் சென்றது. 1889ஆம் ஆண்டில் பாரிஸ் பொருட்காட்சியிலும் பங்கேற்றது. அரசர்களும் அரசிகளும் ஆனியைக் காண வந்தனர்.

கண்ணாடியில் பார்த்தவாறே பின்புறமுள்ள குறியைச் சுடுவார். சீட்டுக்கட்டு அட்டை ஒன்றை விளிம்பு தெரியும்படி முப்பது தப்படித் தொலைவுக்கு அப்பால் நிறுத்தினாலும் இரண்டாகப் பிளப்பார். 1885ஆம் ஆண்டில் ஒரே நாளில் மேலே எறியப்பட்ட 5,000 கண்ணாடி உருண்டைகளில் 4,772ஐ உடைத்தார். அந்த எண்ணைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். 228 தவறின! உலகின் தலைசிறந்த கைகளுக்கும் தவறுதல் உண்டு. இதனை மனத்தில் வைத்துக்கொள்வோம், பின்னர்ப் பயன்படும்.

பொய்ச் செய்தியும் நீதியும்

1901ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வட கரோலினா மாநிலத்தில் குழுவினர் சென்ற இரயில் மற்றோர் இரயிலுடன் மோதியது. குதிரைகள் பல மாண்டன. ஆனியின் முதுகு காயமுற்றது. பஃபலோ பில் குழுவை விட்டு அவர் விலகினார்.

உடற்புண் ஆறியது. ஆனால் 1903ஆம் ஆண்டில் அதனினும் கொடிய புண் ஒன்று நேர்ந்தது. போதைப்பொருள் வாங்கத் திருடிய குற்றத்திற்காக ஆனி ஓக்லி சிக்காகோவில் சிறைப்பட்டார் என்று செய்தித்தாள்கள் எழுதின. உண்மையில் சிறைப்பட்டவள் அப்பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்ட வேறொரு மேடைக்காரி. ஆனி வீட்டில் அமர்ந்து அழவில்லை. 55 செய்தித்தாள்கள் மீது வழக்குத் தொடுத்தார். ஊர் ஊராகச் சென்று நீதிமன்றக் கூண்டில் நின்று சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பார் ஆள் அனுப்பி அவர் பிறந்த மண்ணில் குறை தேடினர்; ஒன்றும் அகப்படவில்லை. ஆறேழு ஆண்டுகள் கழிந்தன. ஒன்றைத் தவிர எல்லா வழக்குகளும் அவருக்கு ஆதரவாகவே முடிந்தன. கிடைத்த இழப்பீட்டைவிடச் செலவே மிகுதி என்பர். ஆயினும் பணத்திற்காகவா அவர் போராடினார்? வறுமையிலும் மாசுபடாது காத்த நற்பெயருக்காக அன்றோ!

ஆசிரியை ஆனி

அவர் வாழ்க்கையின் மிகப் பயனுள்ள பகுதி இதன் பின்னரே வந்தது. 1913ஆம் ஆண்டில் காட்சி மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். 1915 முதல் சில ஆண்டுகள் வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் தங்கிப் பெண்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார். வாழ்நாளில் அவரிடம் கற்ற பெண்கள் 15,000 பேருக்கு மேல் என்று கூறுவர். துப்பாக்கியை அறியாமையால் அஞ்சுவதைவிட அறிந்து அடக்கத்துடன் கையாள்வதே பெண்ணுக்குப் பாதுகாப்பு என்பது அவர் கொள்கை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மேடையில் கணவரின் கையிலிருந்த பொருளையே சுட்டு வீழ்த்தியவர் பாதுகாப்பைப் பற்றிக் கற்பிக்கலாமா? மேடை வேறு; சுடுதளம் வேறு. மேடையில் அவர் செய்தது பல்லாண்டு இடைவிடாப் பயிற்சியின் விளைவு, இன்று எந்தச் சுடுதளமும் அதனை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. 5,000இல் 228 தவறின என்பதை நினைவு கூருங்கள். தேர்ந்தவரே தவறுவர் என்றால் புதியவர் எம்மாத்திரம்? ஆகவேதான் தவறினாலும் எவருக்கும் ஊறு நேராதபடி சுடுதளங்களில் விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. நம் நாட்டில் 1949ஆம் ஆண்டு முதல் தேசிய மாணவர் படையில் பெண்கள் பிரிவும் இயங்கி வருகிறது. என்.சி.சி.யில் சேர்ந்து 0.22 ரைபிளைத் தொடப்போகும் தோழியர் இவ்விதிகளை மனத்தில் பதித்துக்கொள்வார்களாக.

முதலாவதாக, எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும். காலியாகத்தான் இருக்கிறது என்ற பேச்சே பல வீடுகளில் ஒப்பாரிக்குக் காரணமாயிற்று. இரண்டாவதாக, குழலின் வாய் எப்போதும் பாதுகாப்பான திசையையே நோக்கியிருக்க வேண்டும். தோழி கூப்பிட்டாள் என்று துப்பாக்கியுடன் திரும்பிப் பார்ப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. தலை திரும்பும்போது குழலும் உடன் திரும்பிவிடும். மூன்றாவதாக, குறிபார்த்துச் சுடத் தீர்மானிக்கும் வரை விரல் விசையைத் தீண்டலாகாது. நான்காவதாக, குறியை மட்டுமன்றிக் குறிக்குப் பின்னே இருப்பதையும் அறிந்திருக்க வேண்டும். சுடுவதை நிறுத்துமாறு கட்டளை பிறந்தால் அந்நொடியே நிறுத்தித் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட வேண்டும். அனுமதியின்றி ஒருவரும் குறிப்பலகையை நோக்கி நடக்கக் கூடாது. காதுக்கும் கண்ணுக்கும் காப்பு அணிவதும் இன்றியமையாதது.

குறி தவறுவதற்கும் பெரும்பாலும் மனமே காரணம். வெடியோசைக்கும் தோளில் விழும் உதைப்புக்கும் அஞ்சிப் புதியவர் கண்ணை மூடி விசையை வெடுக்கென்று இழுப்பார். குழல் அசைந்து குண்டு விலகிப்போகும். பின்கட்டையைத் தோளில் அழுந்தப் பதித்து, மூச்சைச் சற்றே நிறுத்தி, விசையை மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். எப்போது வெடித்தது என்று தமக்கே வியப்பாக இருக்குமாறு அழுத்துவதே சரியான முறை. பொறுமையுள்ள கைக்கே குறி வசப்படும். நல்லொழுக்கமும் நற்குறியும் ஒரே விதையில் முளைப்பவை என்பது இதனால் விளங்கும்.

தொண்டும் இறுதியும்

1898ஆம் ஆண்டில் ஸ்பெயினுடன் போர் மூளும் தருவாயில், குறிபார்ப்பதில் வல்ல 50 பெண்களைத் திரட்டித் தருவதாக ஆனி குடியரசுத் தலைவர் மெக்கின்லிக்கு எழுதினார். அது ஏற்கப்படவில்லை. முதல் உலகப்போரின்போது படைமுகாம்களுக்குச் சென்று வீரர்களுக்குத் தம் திறமையைக் காட்டி ஊக்கமூட்டினார். டேவ் என்ற அவரது நாயும் செஞ்சிலுவைச் சங்கத்திற்கு நிதி திரட்டியது. தாம் பெற்ற பொற்பதக்கங்களை உருக்கி விற்று அறப்பணிக்கே ஈந்தார்.

1922ஆம் ஆண்டில், 62ஆம் வயதை ஒட்டி, பைன்ஹர்ஸ்டில் 16 கெஜத் தொலைவிலிருந்து தொடர்ந்து 100 களிமண் தட்டுகளைச் சுட்டு வீழ்த்தினார். அதே ஆண்டின் இறுதியில் மோட்டார் விபத்தில் அவரது இடுப்பும் கணுக்காலும் முறிந்தன. காலில் இரும்புக் கட்டுடன் மீண்டும் எழுந்து நின்று சுட்டார். 1926ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் கிரீன்வில் நகரில் உயிர் நீத்தார். துணைவரின் பிரிவைத் தாளாத பட்லர் பதினெட்டே நாட்களில் அவரைப் பின்தொடர்ந்தார்.

1946ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஆனியின் வாழ்க்கையை இசை நாடகமாக்கினர். காதலரின் மனம் நோகாதிருக்க ஆனி வேண்டுமென்றே போட்டியில் தோற்பதாக அதில் காட்டினர். உண்மை அதுவன்று. மெய்யான ஆனி வென்றார். வென்றவரையே பட்லர் மதித்து மணந்தார். ஒரு பெண் அன்பைப் பெறுவதற்காகத் தன் திறமையை மறைக்கத் தேவையில்லை என்பதற்கு அவ்விருவர் இல்லறமே சான்று.

தோழியரே, நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொடவே போவதில்லை. ஆயினும் நம் நாவும் பேனாவும் துப்பாக்கியினும் குறைந்தவை அல்ல. ஆனியைச் சுட்டது தோட்டா அன்று, அச்சில் வந்த ஒரு பொய்யே. ஆகவே பேசுமுன்னும் எழுதுமுன்னும் நம் குறி எது, அதன் பின்னே நிற்பவர் யார் என்று ஒரு நொடி எண்ணிப் பார்ப்போம். இறைவன் நமக்கு அளித்த திறமை எதுவாயினும் அதனைப் பொறுமையுடன் பழகி, பிறருக்கு ஊறின்றிக் கையாண்டு, பயன்பட வாழ்வோமாக!