எடுவார்டு மிச்செலின்

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய் கண்டிகை என்னும் ஊரில், லாரிகளுக்கும் பஸ்களுக்கும் டயர் செய்யும் ஆலையொன்று உளது. மிச்செலின் என்பது அதன் பெயர். சென்ற ஆண்டு யாம் தோழர் சிலரோடு வாடகை வேனில் அவ்வழியே சென்றபொழுது பின்சக்கரம் ஒன்று வெடித்தது. உடன்கொண்டு வந்த மாற்று டயரோ அளவில் வேறுபட்டிருந்தது. சாலையோரத்துப் பஞ்சர்க் கடைப் பெரியவர் அதனைப் பூட்ட மறுத்து, டயரின் பக்கத்தே பொறித்திருந்த எண்களை ஒவ்வொன்றாய்த் தொட்டு எமக்குப் பாடம் நடத்தினார். டயரைக் கழற்றி வேறொன்று மாட்டலாம் என்னும் வழி முதலில் யாரால் வந்தது என்று அறியும் விருப்பம் அன்றுதான் எமக்குண்டாயிற்று. தேடியபொழுது அவ்வாலையின் பெயருக்குரியவரே எதிர்ப்பட்டார்.

எடுவார்டு மிச்செலின் 1859-இல் பாரிஸ் நகரத்திற் பிறந்தார். ஓவியக் கலையையே விரும்பிப் பயின்றார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் கிளெர்மான் பெரான் நகரில் நடத்திய ரப்பர்த் தொழிற்சாலை பின்னாளில் நலிவுற்றது. அதனைக் காக்கக் குடும்பத்தார் அழைத்தமையின், தூரிகையை வைத்துவிட்டு அங்குச் சென்றார். 1889-இல் அத்தொழிற்சாலை மிச்செலின் என்னும் பெயர் பெற்றது. தமையனார் அந்திரே அவருக்கு உறுதுணையானார். கலையைத் துறந்து கணக்கேட்டைக் கையேற்பது எளிதன்று. தமிழ் பயிலும் எமக்கு அவ்விடத்தே சற்று மனம் நின்றது.

காற்றடைத்த டயரை டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் 1888-இல் பழக்கத்திற்குக் கொணர்ந்திருந்தார். ஆயின் அது சக்கரத்தோடு பிசினால் ஒட்டப்பட்டிருந்தது. ஒருநாள் சைக்கிளில் வந்த ஒருவர், பஞ்சரான அத்தகைய டயரைச் செப்பனிடும்படி தொழிற்சாலையை நாடினார். பிரித்து ஒட்ட மூன்று மணி நேரமாயிற்று. பிசின் உலர ஓர் இரவு கழிந்தது. மறுநாள் எடுவார்டு அதன்மீது ஏறிச் சிறிது தூரம் செல்லுமுன்னரே டயர் மீண்டும் தளர்ந்துவிட்டது. காற்றின் மென்மையை அவர் உணர்ந்தார். பிசினே பகை என்பதையும் உணர்ந்தார்.

கழற்றி மாட்டத்தக்க டயருக்கு 1891-இல் உரிமை பெற்றார். அவ்வாண்டே பாரிஸிலிருந்து பிரெஸ்டு சென்று மீளும் ஏறக்குறைய 1200 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்தில், அவர் டயரோடு ஓடிய ஷார்ல் தெரோன் வென்றார். அடுத்த ஆண்டு மற்றொரு பந்தயத்தில், செப்பனிடுவது எளிதென்று காட்டும்பொருட்டு மிச்செலின் தரப்பினர் பாதையில் ஆணிகளைத் தூவினராம்! இதனை யாம் பாராட்டமாட்டோம். 1895-இல் மோட்டார் வண்டிப் பந்தயத்திற்குக் காற்று டயர் பூட்ட ஒருவரும் துணியாமையால், சகோதரர் இருவரும் மின்னல் எனப் பெயரிட்ட வண்டியில் தாமே ஏறினர். பன்முறை பஞ்சராயிற்று; குறித்த 100 மணி நேரமும் கடந்தது; எனினும் வண்டி பாரிஸ் வந்து சேர்ந்தது.

கழற்ற முடிந்தபின் அளவு வேண்டப்பட்டது. கடைக்காரர் எமக்குக் காட்டியதும் அதுவே. 185/70 R 14 எனின், அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எழுபது. ரிம்மின் குறுக்களவு 14 அங்குலம். 165/80 R 14 இருந்த வண்டியில் இதனைப் பூட்டின் மொத்த உயரம் 5 மில்லிமீட்டரே குறையும். அகலத்தை மட்டும் கருதி 185/80 பூட்டினாலோ 32 மில்லிமீட்டர் மிகும். வேகங்காட்டும் கருவி பிழைபடும். திரும்புங்கால் டயர் உராயவும் கூடும். குளிர்நாட்டார் பனிக்காலத்திற்கென வேறு டயர் வைத்து ஆண்டுதோறும் மாற்றுகின்றனர். அதற்கும் அளவு பிழையலாகாது. திருவள்ளூர் வெயிலில் நமக்கு அத்தொல்லையில்லை.

எடுவார்டின் முதுமை துயருடையது. 1931-இல் தமையனார் மறைந்தார். மைந்தர் எத்தியேன் 1932-இல் விமான விபத்திலும், பியேர் 1937-இல் மோட்டார் விபத்திலும் இறந்தனர். போரில் பிரான்சு வீழ்ந்த 1940-இல் அவரும் காலமானார். இழைகள் குறுக்காகச் செல்லும் ரேடியல் டயருக்கு அவர் நிறுவனம் உரிமை பெற்றது 1946-இல்தான். எண்களின் நடுவே நிற்கும் R என்னும் எழுத்து அதனைக் குறிப்பது. தேர்வாய் கண்டிகையில் உருவாகும் லாரி டயர்களும் அவ்வகையினவே. அவ்வெழுத்தை அவர் கண்டதில்லை.